'இன்' தனி, 'த' தனி என்று படிக்காதீர்கள்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, வணக்கம். வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் பதில் எழுதுவது என் வேலை. ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். கோபமாக எழுதுகிறவர்களைக்கூடச் சமாதானப்படுத்திவிடுவேன். ஆனால் ஆங்கிலத்தின் சின்னச் சின்னச் சொற்களில் சறுக்கிவிடுகிறேன். போன வாரம் என் மேலாளர் ஒரே மெயிலில் ஐந்து இடங்களைத் திருத்தினார். 'ஆன் லாஸ்ட் மண்டே' என்று எழுதியிருந்தேன், 'ஆன்' வேண்டாம் என்று அடித்தார். 'அவர் டீம் வொர்க்ஸ் இன் த நைட்' என்பதை 'அட் நைட்' ஆக்கினார். 'ஒன் ஆஃப் மை கொலீக்' என்பதை 'கொலீக்ஸ்' என்று மாற்றினார். 'மோஸ்ட் ஆஃப் கஸ்டமர்ஸ்' என்பதில் 'ஆஃப்' போய்விட்டது. என் அம்மா மருத்துவமனையில் இருந்ததால் பதில் தாமதமானது என்று சொல்ல 'மை மதர் வாஸ் இன் த ஹாஸ்பிடல்' என்று எழுதியிருந்தேன். அதில் 'த' கூடாது என்றார். பக்கத்து இருக்கைத் தோழியோ, நான் எழுதியதுதான் சரி என்கிறாள். பிரிபொசிஷன் பட்டியல், ஆர்ட்டிகிள் விதிகள் இரண்டையும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவேன். இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் குழம்புகிறது. இதற்கு விதி இருக்கிறதா, இல்லை எல்லாம் பழக்கம்தானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். அம்மா நலமாக வீடு திரும்பியிருப்பார் என்று நம்புகிறேன்.

அந்தக் கடைசித் திருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மேலாளர் சொன்னதும் சரி, தோழி சொன்னதும் சரி. நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெறுவதைப் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'இன் ஹாஸ்பிடல்' என்பார்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் அதையே 'இன் த ஹாஸ்பிடல்' என்பார்கள். உங்கள் நிறுவனம் எந்த ஆங்கிலத்தைப் பின்பற்றுகிறதோ அதை எழுதுங்கள். நீங்கள் எழுதியது தப்பே இல்லை.

ஆனால் இந்தச் சின்ன வேறுபாட்டுக்குள் உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. பிரிட்டிஷ்காரர் ஒருவரிடம் 'ஷி இஸ் இன் ஹாஸ்பிடல்' என்றால் 'ஐயோ, உடம்புக்கு என்ன?' என்று கேட்பார். 'ஷி இஸ் இன் த ஹாஸ்பிடல்' என்றால், அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வார். அவள் யாரையாவது பார்க்கப் போயிருக்கலாம், அங்கே வயரிங் வேலை செய்யப் போயிருக்கலாம். அதாவது 'த' வருவதற்கு ஒரு பொருள் இருக்கிறது, அது வராமல் இடம் காலியாக நிற்பதற்கும் ஒரு பொருள் இருக்கிறது. நாம் பள்ளியில் 'எங்கே "த" போட வேண்டும்' என்று மட்டும் படித்தோம். போடாமல் விட்டால் என்ன சொல்கிறோம் என்பதை யாரும் பெரிதாகச் சொல்லித்தரவில்லை.

மேலே போகுமுன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'ஆன்' என்று எழுதினால் 'மேலே' என்ற பொருளில் வரும் பிரிபொசிஷன். 'அன்' என்று குறிலில் எழுதினால் உயிரொலிக்கு முன் வரும் ஆர்ட்டிகிள். 'எ' அதன் உடன்பிறப்பு.

அப்புறம், ஆர்ட்டிகிள் என்று நாம் படித்தவை ஒரு பெரிய குடும்பத்தில் சிலர் மட்டும்தான். 'த', 'எ', 'அன்' இவற்றோடு 'திஸ்', 'தட்', 'மை', 'யுவர்', 'சம்', 'ஈச்', 'எவ்ரி' எல்லாம் பெயர்ச்சொல்லுக்கு முன் ஒரே இடத்தில் உட்காரும். இந்தக் குடும்பத்துக்கு டிடெர்மினர் என்று பெயர். எந்தப் பொருளைச் சொல்கிறோம், யாருடையதைச் சொல்கிறோம் என்று காட்டுவது இவற்றின் வேலை. பிரிபொசிஷன் அதற்கும் முன்னால் போய் நிற்கும். 'இன் மை லெட்டர்', 'ஆன் திஸ் பேஜ்', 'அட் த டோர்'. முதலில் பிரிபொசிஷன், அடுத்து டிடெர்மினர், கடைசியில் பெயர்.

என் கருத்தில் நீங்கள் செய்யும் ஒரே தவறு, இந்த மூன்றையும் பிரித்து மனப்பாடம் செய்தது. 'இன்' ஒரு பட்டியலில், 'த' இன்னொரு பாடத்தில், 'மார்னிங்' சொல்லகராதியில். ஆங்கிலம் பேசிப் பிறந்தவர் மனத்தில் அவை அப்படிக் கிடப்பதில்லை. 'இன் த மார்னிங்' அவருக்கு ஒரே சொல் மாதிரி, ஒரே மூச்சில் வரும். அவர்கள் வேகமாகப் பேசும்போது கவனித்துக் கேளுங்கள். 'இன் த' என்பது கிட்டத்தட்ட நம் 'இந்த' மாதிரியே காதில் விழும். ஒட்டிப் பேசுவதை ஒட்டியே படிக்க வேண்டும். 20 வருடமாக அலுவலகத்தில் எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு முடிச்சு முடிச்சாகப் படிக்கத் தொடங்கியவர்கள்தான் தேறினார்கள்.

சரி, நமக்கு ஏன் இது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

தமிழில் இந்த வேலையெல்லாம் பெயருக்குப் பின்னால் நடக்கிறது. 'வீட்டில்', 'மேசையில்', 'வாசலில்' மூன்றுக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் முறையே 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்று தேவைப்படும். தமிழுக்கு நுணுக்கம் தெரியாது என்று எண்ண வேண்டாம். நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு இடப்பொருள் உருபுகள் என்று 28-ஐ அடுக்குகிறது. கண், கால், கடை, இடை என்று தொடங்கி மேல், கீழ், முன், பின், உள், புறம் எல்லாம் அதில் உண்டு. அந்த வரிசையில் கடைசியாக நிற்கிற 'இல்'தான் இன்று முக்கால்வாசி வேலையையும் தானே பார்த்துக்கொள்கிறது. அந்த 'இல்'லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது எந்தப் பெட்டியில் போடுவது என்று தடுமாறுகிறோம்.

இதற்கு நான் சொல்லித்தரும் சோதனை எளிமையானது. 'இல்' வரும் இடத்தில் 'மேல்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். 'மேசையில் இருக்கிறது', 'மேசை மேல் இருக்கிறது'. பொருந்தினால் 'ஆன்'. 'பெட்டியில் இருக்கிறது', 'பெட்டிக்குள் இருக்கிறது'. 'உள்' பொருந்தினால் 'இன்'. 'வாசலில் நிற்கிறார்' என்பதில் வாசல் மேலும் இல்லை, வாசலுக்குள்ளும் இல்லை, அந்தப் புள்ளியில் நிற்கிறார். அங்கே 'அட்'. எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. பேருந்துக்குள் உட்கார்ந்திருப்பவரை ஆங்கிலம் 'ஆன் த பஸ்' என்கிறது, காருக்குள் இருப்பவரை 'இன் த கார்' என்கிறது. எழுந்து நின்று நடக்க முடிகிற பஸ், ரயில், விமானம், கப்பலுக்கு 'ஆன்'. குனிந்து ஏறி உட்கார மட்டும் முடிகிற கார், டாக்ஸிக்கு 'இன்'. அதையும் சோதனையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

'த' விஷயத்தில் நாம் நினைப்பதைவிட நமக்கு அதிகம் தெரியும். தமிழில் 'த'வுக்கு நேரான சொல் இல்லை என்பது உண்மை. ஆனால் 'ஃபைல் அனுப்பினேன்' என்பதற்கும் 'ஃபைலை அனுப்பினேன்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது ஏதோ ஒரு ஃபைல். இரண்டாவது, நாம் இருவரும் பேசிக்கொண்டிருந்த அந்த ஃபைல். 'கதவைத் திற' என்றால் எதிரே இருக்கிற கதவு. 'கதவு வாங்க வேண்டும்' என்றால் இன்னும் கண்ணால் பார்க்காத ஏதோ ஒரு கதவு. அஃறிணைப் பொருளோடு, 'ஒரு' என்ற அடை இல்லாமல், இயல்பாக 'ஐ' வருகிறது என்றால் ஆங்கிலத்தில் அங்கே பெரும்பாலும் 'த' வரும். அடுத்த முறை 'ஐ சென்ட் ஃபைல்' என்று விரல் தட்டப் போகும்போது, மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஃபைலை' என்று வாய் சொன்னால் 'த ஃபைல்', 'ஒரு ஃபைல்' என்று சொன்னால் 'எ ஃபைல்'.

'எ', 'அன்' பற்றியும் இப்படியே. 'ஒரு மரம்', 'ஓர் இலை' என்று எழுதப் பழகிய கைக்கு இது புதிதல்ல. மெய்யொலிக்கு முன் ஒன்று, உயிரொலிக்கு முன் ஒன்று. நம் 'ஒரு' எப்படி 'ஒன்று' என்பதோடு உறவோ, அவர்கள் 'அன்'னும் அப்படித்தான், 'ஒன்று' என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது. 'அன்'தான் மூத்தது. மெய்யொலிக்கு முன் கடைசி ஒலி தேய்ந்து 'எ' ஆயிற்று. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேளுங்கள், போதும். 'அவர்' என்று ஒலிக்கும் மணி நேரத்துக்கு 'அன் அவர்', 'யுனிவர்சிட்டி'க்கு 'எ யுனிவர்சிட்டி'.

இப்போது அந்தக் காலி இடத்துக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

'இன் பெட்' என்றால் படுத்துக்கொண்டிருக்கிறார், ஓய்விலோ தூக்கத்திலோ. 'ஆன் த பெட்' என்றால் கட்டில் என்ற பொருளின் மேல். உங்கள் கைப்பை 'ஆன் த பெட்' கிடக்கலாம், 'இன் பெட்' இருக்க முடியாது. 'இன் பிரிசன்' இருப்பவர் கைதி, 'இன் த பிரிசன்' இருப்பவர் அவரைப் பார்க்க வந்த வக்கீலாகவும் இருக்கலாம். 'அட் சீ' என்றால் கப்பலில் பயணத்தில் இருக்கிறார். 'அட் ஸ்கூல்' என்றால் படித்துக்கொண்டிருக்கிறாள், 'அட் த ஸ்கூல்' என்றால் அந்தக் கட்டடத்தில் இருக்கிறாள், அங்கே ஓட்டுப் போட வந்தவராகவும் இருக்கலாம். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் சொல்வது இடத்தையா, அந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் காரியத்தையா? இடம் என்றால் 'த' வேண்டும். காரியம் என்றால் வேண்டாம்.

இந்த விதி எல்லாப் பெயருக்கும் பொருந்தும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இந்தச் சலுகை ஒரு சின்னக் கூட்டத்துக்குத்தான். பெட், ஸ்கூல், காலேஜ், கிளாஸ், சர்ச், கோர்ட், பிரிசன், சீ, வொர்க், ஹோம், அப்புறம் பிரிட்டிஷ் வழக்கில் ஹாஸ்பிடல் என்று கொஞ்சம்தான் இருக்கிறது. பேங்க், லைப்ரரி, ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ் இந்தக் கூட்டத்தில் இல்லை. பணம் போடப் போனாலும் சரி, சுவருக்கு வெள்ளையடிக்கப் போனாலும் சரி, 'ஐ வென்ட் டு த பேங்க்' தான். 'ஐ வென்ட் டு பேங்க்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் மிக அதிகம், கவனியுங்கள்.

உங்கள் வேலையில் அடிக்கடி வரும் 'ஆபீஸ்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஐ வில் பி இன் ஆபீஸ் டுமாரோ' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். 'இன் ஆபீஸ்' என்பதற்கு நிலைபெற்ற பொருள் ஆட்சிப் பொறுப்பில் இருப்பது, பதவியில் இருப்பது. அமைச்சரையோ அதிபரையோ பற்றிச் சொல்வது அது. நீங்கள் மேசைக்கு வருவதைச் சொல்ல 'இன் தி ஆபீஸ்' அல்லது 'அட் வொர்க்'. முன்னதில் டிடெர்மினர் வேண்டும், பின்னதில் வேண்டாம். பாருங்கள், இரண்டும் ஒரே நாளை, ஒரே நாற்காலியைத்தான் சொல்கின்றன. முடிச்சு மட்டும் வேறு.

நேரம் பற்றிய உங்கள் இரண்டு திருத்தங்களுக்கு வருகிறேன்.

'இன் த மார்னிங்', 'இன் தி ஆஃப்டர்நூன்', 'இன் தி ஈவ்னிங்' என்று வரிசையாக வந்துவிட்டு, ராத்திரி வந்ததும் 'அட் நைட்' என்று மாறுகிறது. 'அட்' என்பது வெறும் பெயரோடு சேர விரும்பும் சொல். 'அட் நூன்', 'அட் மிட்நைட்', 'அட் டான்', 'அட் ஹோம்', 'அட் வொர்க்' என்று அதன் கூட்டாளிகள் பலரும் டிடெர்மினர் இல்லாமல் வருகிறவர்கள். உங்கள் குழு வழக்கமாக ராத்திரி வேலை செய்கிறது என்பதுதான் உங்கள் வாக்கியம், ஆகவே 'அட் நைட்' சரியான திருத்தம். ஆனால் 'இன் த நைட்' என்பது ஆங்கிலமே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குறிப்பிட்ட ராத்திரியின் நடுவில் ஏதோ நடந்தது என்றால் அதுதான் வரும். 'த ஃபோன் ராங் ட்வைஸ் இன் த நைட்', அதாவது அன்று ராத்திரி இரண்டு முறை ஃபோன் அடித்தது.

காலையோடு கிழமை சேர்ந்துவிட்டால் முடிச்சே மாறும். 'ஆன் மண்டே மார்னிங்'. 'இன்' போய் 'ஆன்' வந்தது, 'த'வும் போயிற்று. கிழமைக்குரிய 'ஆன்' காலையையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது.

'லாஸ்ட் மண்டே' விஷயத்தில் உங்கள் தமிழ்க் காதை நம்பியிருந்தால் தப்பித்திருப்பீர்கள். 'போன திங்கட்கிழமை வந்தார்', 'அடுத்த வாரம் தருகிறேன்', 'இந்த மாதம் முடியாது', 'ஒவ்வொரு நாளும் வருகிறார்'. எதிலாவது 'இல்' வந்ததா? வரவில்லை. ஆங்கிலமும் அப்படித்தான். கால அளவுக்கு முன்னால் 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' வந்து நின்றால் 'ஆன்', 'இன்', 'அட்' மூன்றும் விலகிவிடும். 'திஸ் மார்னிங்' என்றுதான், 'இன் திஸ் மார்னிங்' என்று வராது.

இதிலேயே 'த' உள்ளே வந்தால் பிரிபொசிஷனும் திரும்பி வருவது உண்டு. 'லாஸ்ட் மண்டே' என்றால் போன திங்கள். 'ஆன் த லாஸ்ட் மண்டே ஆஃப் த மன்த்' என்றால் மாதத்தின் கடைசித் திங்கள். பொருளும் முழுக்க வேறு. 'நெக்ஸ்ட் டே', 'த நெக்ஸ்ட் டே' குழப்பத்துக்கும் தமிழில் ஜோடி இருக்கிறது. 'நாளை' என்று சொல்லும் இடத்தில் 'டுமாரோ', 'மறுநாள்' என்று சொல்லும் இடத்தில் 'த நெக்ஸ்ட் டே'. இன்றிலிருந்து எண்ணினால் 'அடுத்த வாரம்', அது 'நெக்ஸ்ட் வீக்'. கதையில் நடந்த ஒரு நாளிலிருந்து எண்ணினால் 'அதற்கடுத்த வாரம்', அது 'த நெக்ஸ்ட் வீக்' அல்லது 'த ஃபாலோயிங் வீக்'. வாடிக்கையாளர் புகாரில் எது எப்போது நடந்தது என்று வரிசையாக எழுதும்போது இந்த ஒரு 'த' தேதியையே மாற்றிவிடும்.

தேதி என்றதும் இன்னொன்று. நீங்கள் வாக்குக் கொடுக்கும் வாக்கியங்களைக் கவனியுங்கள். 'வி வில் ரிப்ளை இன் டூ டேஸ்' என்றால் இரண்டு நாள் கழித்துப் பதில் வரும் என்று படிப்பார்கள். 'விதின் டூ டேஸ்' என்றால் இரண்டு நாளுக்குள். தமிழில் 'இரண்டு நாளில்' என்பது இரண்டையும் தாங்கும், ஆங்கிலம் தாங்காது.

'ஒரு நாளைக்கு இரண்டு முறை' என்பதை நம்மவர்கள் 'ட்வைஸ் இன் எ டே' என்று எழுதுவார்கள். 'ட்வைஸ் எ டே' போதும். அந்த 'எ'யின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அது முதலில் ஆர்ட்டிகிளே இல்லை. 'ஆன்' என்ற பிரிபொசிஷன் தேய்ந்து தேய்ந்து 'எ' ஆனது. பின்னால் வந்தவர்கள் அதை ஆர்ட்டிகிள் என்றே எடுத்துக்கொண்டார்கள். பிரிபொசிஷனும் டிடெர்மினரும் எவ்வளவு நெருங்கி ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். 'அஸ்லீப்', 'அலைவ்', 'அப்ராட்' என்ற சொற்களின் தலையில் இருக்கும் ஒலியும் அதே பழைய 'ஆன்'தான். 'கோ டு அப்ராட்' ஏன் தப்பு என்று இப்போது புரியும், உள்ளேயே ஒரு பிரிபொசிஷன் ஒளிந்திருக்கிறது, வெளியே இன்னொன்று எதற்கு? 'கோ ஹோம்' என்பதிலும் 'டு' வராது, அங்கே 'ஹோம்' என்பது 'வீட்டுக்கு' என்று உருபோடு சேர்ந்த சொல்லாகவே நடக்கிறது. ஆனால் 'மை' வந்துவிட்டால் அது மறுபடி வெறும் பெயர். அப்போது 'டு மை ஹோம்', 'டு மை ஹவுஸ்'.

டிடெர்மினர் வந்தால் பிரிபொசிஷன் மாறும் என்பதற்கு 'பை' நல்ல எடுத்துக்காட்டு. வழியைச் சொல்லும் 'பை' பக்கத்தில் யாரையும் சேர்க்காது. 'பை கார்', 'பை பஸ்', 'பை மெயில்', 'பை ஃபோன்', 'பை ஹேண்ட்'. 'மை' உள்ளே வந்தால் 'பை' வெளியே போய்விடும். 'இன் மை கார்', 'இன் மை மெயில்'. 'பை த கார்' என்று எழுதிவிட்டால் காருக்குப் பக்கத்தில் என்று ஆகிவிடும். ஆகவே அறிக்கையை அனுப்பியது 'பை மெயில்', அதைப் பற்றிச் சொன்னது 'இன் மை மெயில்'.

மிச்சம் இருப்பது 'ஆஃப்'. இது கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம்.

டிடெர்மினருக்கு ஒரே ஒரு இருக்கை என்று முன்னமே சொன்னேன். தமிழில் 'இந்த என் புத்தகம்', 'என் ஒரு நண்பர்' என்றெல்லாம் இரண்டு பேரை அடுத்தடுத்து உட்கார வைக்கலாம். ஆங்கிலத்தில் 'திஸ் மை புக்' முடியாது, 'எ மை ஃபிரெண்ட்' முடியாது. ஆனால் இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கிறதே? அப்போது 'ஆஃப்' பாலம் போடுகிறது. 'எ ஃபிரெண்ட் ஆஃப் மைன்', 'திஸ் புக் ஆஃப் யுவர்ஸ்'. ஒருவர் இந்தக் கரையில், ஒருவர் அந்தக் கரையில்.

'சம்', 'மோஸ்ட்', 'மெனி', 'ஒன்', 'ஈச்' எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'மோஸ்ட் கஸ்டமர்ஸ்' என்றால் பொதுவாக வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர். ஒரே டிடெர்மினர், பாலம் வேண்டாம். 'மோஸ்ட் ஆஃப் த கஸ்டமர்ஸ்', 'மோஸ்ட் ஆஃப் அவர் கஸ்டமர்ஸ்' என்றால் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில் பெரும்பாலோர். 'மோஸ்ட்' இந்தப் பக்கம், 'அவர்' அந்தப் பக்கம், நடுவில் 'ஆஃப்'. உங்கள் 'மோஸ்ட் ஆஃப் கஸ்டமர்ஸ்' என்பதில் பாலம் இருக்கிறது, அக்கரையில் ஆள் இல்லை. மேலாளர் 'ஆஃப்'பை எடுத்தார். 'அவர்' சேர்த்திருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும், எதைச் சொல்ல வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 'ஆல்', 'போத்', 'ஹாஃப்' மூன்றுக்கு மட்டும் பாலம் இல்லாமலும் தாண்டத் தெரியும். 'ஆல் மை ஃபைல்ஸ்', 'போத் த லெட்டர்ஸ்', 'ஹாஃப் த வொர்க்'.

'ஒன் ஆஃப் மை கொலீக்ஸ்' என்பதில் அந்த 'ஸ்' ஏன்? 'என் நண்பர்களில் ஒருவர்' என்று சொல்லிப் பாருங்கள். 'என் நண்பரில் ஒருவர்' என்று எந்தத் தமிழர் வாயிலும் வராது. பலர் இருந்தால்தானே அவர்களிலிருந்து ஒருவரைப் பிரித்துச் சொல்ல முடியும்? வினைச்சொல் மட்டும் பிரித்தெடுத்த ஒருவரோடு போகும். 'ஒன் ஆஃப் மை கொலீக்ஸ் இஸ் லுக்கிங் இன்டு இட்'.

அலுவலகக் கடிதத்தில் அடிக்கடி வரும் சில தொடர்களில் ஒரு 'த' பொருளையே புரட்டிவிடும். 'இன் கேஸ் ஆஃப் டிலே' என்றால் தாமதம் ஏற்பட்டால். 'இன் த கேஸ் ஆஃப் யுவர் ஆர்டர்' என்றால் உங்கள் ஆர்டரைப் பொறுத்தவரை. 'இன் வியூ ஆஃப்' என்றால் கருத்தில் கொண்டு, 'இன் த வியூ ஆஃப்' என்றால் இன்னாருடைய பார்வையில். 'இன் ஃப்ரன்ட் ஆஃப் த பஸ்' நின்றால் வண்டி மோதும், 'இன் த ஃப்ரன்ட் ஆஃப் த பஸ்' என்றால் முன் இருக்கையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறோம். 'த' இல்லாதபோது அந்த நடுச்சொல் பெயர் என்ற தன்மையையே இழந்து முழுத் தொடரும் ஒரே பிரிபொசிஷன் போல இறுகிவிடுகிறது. தமிழில் 'கொண்டு', 'இருந்து' என்ற வினைகள் தேய்ந்து சொல்லுருபு ஆனதை இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். அதே மாதிரிதான். 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்', 'ஆன் பிஹாஃப் ஆஃப் அவர் டீம்' இரண்டிலும் நடுவில் 'த' வராததற்கும் இதுவே காரணம். 'அஸ் எ ரிசல்ட் ஆஃப்' என்பதில் 'எ' உண்டு, அதை அப்படியே முடிச்சாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, விதியா பழக்கமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: 'லாஸ்ட்', 'பை', 'ஆஃப்' மூன்றிலும் விதி தெளிவாக இருக்கிறது, கற்றுக்கொண்டால் ஒரு வாரத்தில் கைவரும். 'அட் நைட்', 'அஸ் எ ரிசல்ட்' போன்றவை முடிச்சுகள், காதால் பழக வேண்டியவை.

அதற்கு நீங்கள் புதிதாகப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. போன மாதம் நீங்கள் அனுப்பிய மெயில்களில் பத்தை எடுங்கள். பெயர்ச்சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும் பின்னோக்கி இரண்டு சொல் வரை கோடு போடுங்கள். 'இன்', 'த', 'ரிப்போர்ட்' என்று தனித்தனியாக அல்லாமல், 'இன் த ரிப்போர்ட்' என்று ஒரே கோடாக. சந்தேகம் வருவதை மட்டும், முழு வாக்கியத்தோடு, நோட்டில் எழுதுங்கள். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று தயாரிக்கும் அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். பொருளைத் தாண்டி அந்த வாக்கியங்களைப் படியுங்கள், முடிச்சு அங்கேதான் கிடைக்கும். எழுதியதை மூன்று முறை சத்தமாகச் சொல்லுங்கள், 'இன் த' என்பதை இழுக்காமல், 'இந்த' மாதிரி சேர்த்து.

உங்கள் மெயிலையே நான் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். நீங்கள் சொல்லவந்தது இதுதான் என்று நினைக்கிறேன்: 'லாஸ்ட் மண்டே ஐ குட் நாட் ரிப்ளை பிகாஸ் மை மதர் வாஸ் இன் ஹாஸ்பிடல். ஒன் ஆஃப் மை கொலீக்ஸ் சென்ட் யூ த ரிப்போர்ட் பை மெயில் த நெக்ஸ்ட் டே. மோஸ்ட் கஸ்டமர்ஸ் ப்ரிஃபர் எ கால் இன் த மார்னிங், பட் அவர் டீம் ஆல்சோ வொர்க்ஸ் அட் நைட்.' ஒவ்வொரு முடிச்சையும் எடுத்து, அங்கே ஏன் 'த' இருக்கிறது அல்லது ஏன் இல்லை என்று உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். தோழியின் சொல்படி 'இன் த ஹாஸ்பிடல்' என்று வைத்துக்கொள்ள விரும்பினால், அதையும் வைத்துக்கொள்ளலாம்.